மணி அடித்தால் அது மடம்

1795ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் வந்து இறங்கிய அந்தப் பெண்களைப் பார்த்து யாரும் கன்னியர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சபை உடுப்பு இல்லை. போட்டிருந்தது ஊர்ப் பெண்கள் உடுத்தும் சாதாரணத் துணி, அதுவும் பழையது. அந்தத் துணிகூட அவர்களுடையது கிடையாது. பத்து மாதத்துக்கு முன்னால் பாரிஸ் நகரத்தில் கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட 16 கார்மேல் சபைக் கன்னியர் விட்டுப்போன துணி அது. செத்துப்போனவர்களின் உடைகளைப் போட்டுக்கொண்டு, கையில் காசில்லாமல், பல பேருக்கு நினைவில்கூட மங்கிப்போயிருந்த சொந்த நாட்டுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள்.

அந்தத் துணியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். கொம்பியேன் என்ற ஊரில் ஒரு பழைய மடத்தைச் சிறையாக மாற்றி வைத்திருந்தார்கள். 1793 அக்டோபரில் கம்ப்ரே என்ற ஊரிலிருந்து ஆங்கிலேய பெனடிக்டைன் கன்னியரை (நம்ம பக்கம் ஆசீர்வாதப்பர் சபை என்று சொல்வோம்) பிடித்து வந்து அங்கே அடைத்தார்கள். அடுத்த ஜூன் மாதம் அதே கட்டடத்துக்கு உள்ளூர்க் கார்மேல் கன்னியரையும் கொண்டுவந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று உத்தரவு. கார்மேல் கன்னியருக்கு மாற்றுத்துணி கிடையாது. அரசாங்கம் சபை உடுப்பைத் தடை செய்திருந்ததால் ஆளுக்கு ஒரு சாதாரண உடை மட்டும் வைத்திருந்தார்கள். 1794 ஜூலை 12ஆம் தேதி அதைத் துவைக்கப் போட்டுவிட்டு, மறைத்து வைத்திருந்த பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு துவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பாரிசுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆணை வந்தது. துணி காயட்டும் என்று கேட்டும் விடவில்லை. அதனால் தடை செய்யப்பட்ட அந்த உடுப்போடேயே வண்டியில் ஏறினார்கள், ஜூலை 17ஆம் தேதி அதோடேயே செத்தார்கள். அவர்கள் வண்டி ஏறும்போது ஆங்கிலேயக் கன்னியரைப் பார்த்துக் கையசைத்து விடைபெற்றதை, உயிரோடு தப்பிய பெனடிக்டைன் கன்னியரில் ஒருவர் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். துவைத்த ஈரத்துணி சிறையிலேயே கிடந்தது. அந்த ஊர் மேயர் ஆங்கிலேயக் கன்னியரிடம் வந்து, நீங்களும் உடுப்பைக் கழற்றியாக வேண்டும் என்றார், வேறு துணி வாங்க எங்களிடம் காசில்லை என்று இவர்கள் சொல்ல, அந்தத் துணியை எடுத்து இவர்கள் கையில் கொடுத்தார்.

கிருஷ்ணகிரியில் எங்கள் பங்குக் கோவிலில் நான் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த 16 கார்மேல் கன்னியரையும் புனிதராக அறிவித்த பிறகு, இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "டீச்சர், செத்தவங்க சரி, புனிதர் ஆயிட்டாங்க. அந்த இங்கிலீஷ் சிஸ்டருங்க? மடமும் போச்சு, உடுப்பும் போச்சு, அப்புறம் அவங்க எப்படி சிஸ்டர்?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. வேதசாட்சியாகச் செத்தவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். சாகாமல் பிழைத்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நம் பக்கத்தில் கன்னியர் என்பது புதிதான விஷயமே இல்லை. தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானதுதான் என்றாலும் கோவிலூர், மத்தகொண்டப்பள்ளி, எலத்தகிரி மாதிரி ஊர்களில் கிறிஸ்தவம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் சித்தியோ அத்தையோ அக்காவோ யாராவது ஒருத்தர் மடத்தில் இருப்பார். ஆனால் நமக்குத் தெரிந்த சிஸ்டர் பள்ளிக்கூடம் நடத்துபவர், மருந்தகத்தில் ஊசி போடுபவர், ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். கன்னியர் வெளியே வராமல் உள்ளேயே செபத்தில் வாழும் அடைபட்ட மடம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. என் பெரியம்மா அப்படி ஒரு கார்மேல் மடத்தில் இருக்கிறார், வேறு மாவட்டத்தில். நாங்கள் பார்க்கப் போனால் கிராதிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். சின்ன வயதில் எனக்கு அது ஜெயில் மாதிரிதான் தெரிந்தது. அம்மா எடுத்துப்போன முறுக்கைச் சுழல் பெட்டியில் வைத்துத் திருப்புவோம், அந்தப் பக்கம் போய்விடும். பெரியம்மா மட்டும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார். ஒரு மணி அடிக்கும், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். அம்மாவுக்கு அதில் ஒவ்வொரு தடவையும் வருத்தம்தான்.

சரி, அந்த ஆங்கிலேயக் கன்னியர் பிரான்சில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால், அதுவே ஒரு இடப்பெயர்வுக் கதை. 1536க்கும் 1540க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மன்னர் இங்கிலாந்தில் இருந்த அத்தனை துறவு மடங்களையும் மூடி நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே ஒரு கத்தோலிக்கப் பெண் கன்னியாக வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டும், போனால் திரும்பி வருவது சந்தேகம். 1623இல் அப்படி ஒன்பது இளம்பெண்கள் கம்ப்ரேக்குப் போய் ஒரு மடத்தைத் தொடங்கினார்கள். அதில் ஒருத்தி ஹெலன் மோர், மடத்தில் ஜெர்ட்ரூட் என்று பெயர். எட்டாம் ஹென்றி தலையை வெட்டிய தாமஸ் மோரின் வம்சம். அவளுடைய அப்பா கொடுத்த பணத்தில்தான் மடமே எழுந்தது. 1633இல், 27 வயதில், அம்மை கண்டு இறந்துபோனாள். அதற்குள் அவள் எழுதி வைத்த தியானக் குறிப்புகளை இன்றைக்கும் படிக்கிறார்கள்.

இன்னொன்றும் இந்த நாடு கடந்த மடங்களில் நடந்தது. 14ஆம் நூற்றாண்டில் நார்விச் நகரத்தில் ஜூலியன் என்ற தவப்பெண் தனக்குக் கிடைத்த இறைக் காட்சிகளை எழுதி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதிய பெண்களில் இன்று நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆட்களில் ஒருவர். இங்கிலாந்தில் மடங்கள் அழிந்தபோது இதுவும் அழிந்திருக்க வேண்டியது. அவருடைய பெரிய நூலின் முழுப் பிரதிகளாக இன்று இருப்பவை 17ஆம் நூற்றாண்டில், இப்படி அயல்நாட்டில் இருந்த ஆங்கிலேயக் கன்னியரின் வட்டாரத்தில் கையால் எழுதிக் காப்பாற்றப்பட்டவை. சொந்த ஊருக்குத் திரும்புவோம் என்ற நம்பிக்கையே இல்லாத காலத்தில், சொந்த மொழியில் ஒரு பெண் எழுதியதை உட்கார்ந்து பிரதி எடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

என் வகுப்புப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். மடம் போன பிறகு கன்னியர் எப்படிக் கன்னியராக இருப்பது? கொம்பியேன் கார்மேல் கன்னியர் இதற்குத் தெளிவான பதிலைத் தங்கள் வாழ்க்கையிலேயே கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 1789 அக்டோபரிலேயே புதிதாக யாரும் வார்த்தைப்பாடு (துறவு வாழ்வுக்கான சத்தியம்) கொடுக்கக் கூடாது என்று புரட்சி அரசு நிறுத்திவிட்டது. 1790இல் சபைகளையே கலைத்தது. 1792 செப்டம்பரில் இவர்களை மடத்தைவிட்டு வெளியே அனுப்பியது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊருக்குள் பக்கத்துப் பக்கத்தில் நான்கு வீடுகளில் வாடகைக்குப் பிரிந்து போய்த் தங்கி, ஒவ்வொரு வீட்டிலும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே நேரத்துக்கு அதே சங்கீதங்களை (பைபிளில் உள்ள திருப்பாடல்களை) சொல்லி, அதே ஒழுங்கில் சாப்பிட்டு, அதே ஒழுங்கில் மௌனம் காத்தார்கள். வெளியே பார்த்தால் வாடகைக்கு இருக்கும் பெண்கள். உள்ளே மடம் நடந்துகொண்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இப்படி. கடைசியில் நீதிமன்றத்தில் இவர்கள்மேல் சொன்ன குற்றங்களில் முக்கியமானது சட்டத்துக்கு விரோதமாகக் கூட்டம் கூடியது. அதாவது மடம் இல்லை, சபை இல்லை என்று சட்டம் போட்ட அதே அரசாங்கம், நீங்கள் இன்னும் மடமாகத்தான் இருக்கிறீர்கள் என்று குற்றப்பத்திரிகையில் எழுதிக் கொடுத்துவிட்டது. இதைவிடப் பெரிய சான்று எந்த ஆயர் கொடுத்திருக்க முடியும்?

சாவுக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனார்கள். அதில் நம்ம பாட்டிமார் "கிருபை தயாபத்து மந்திரம்" என்று சொல்வார்களே, அந்தச் செபமும் ஒன்று. 78 வயதுக் கிழவிகள் இருந்தார்கள். கான்ஸ்டன்ஸ் என்ற இளங்கன்னி, அந்த 1789 தடையால் வார்த்தைப்பாடு கொடுக்க முடியாமலே இத்தனை வருஷம் காத்திருந்தவர், மேடைக்குக் கீழே மடத்துத் தலைவியான மதரின் முன் முழந்தாளிட்டு வார்த்தைப்பாட்டைக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் படியேறினார். பத்து நாள் கழித்து, புரட்சி அரசை நடத்திய ரோபஸ்பியர் வீழ்ந்தார், பயங்கர ஆட்சி முடிந்தது. பத்தே நாள்.

பெனடிக்டைன் சபையின் தந்தையான ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலில் 50ஆம் அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. ரொம்பச் சின்னது, தாண்டிப் போய்விடுவோம். தூரத்தில் வேலை செய்பவர்களும் பயணத்தில் இருப்பவர்களும் செப நேரம் வந்தால் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே முழந்தாளிட்டுச் சொல்லிவிட வேண்டும், நேரத்தைத் தவறவிடக் கூடாது என்கிறார். பெனடிக்டைன் சபையினர் கொடுக்கும் வார்த்தைப்பாடுகளில் ஒன்று நிலைத்திருத்தல், அதாவது சேர்ந்த குழுமத்தைவிட்டுச் சாகும்வரை போக மாட்டேன் என்பது. அப்படிச் சத்தியம் செய்த ஒருத்தியைக் குதிரைப்படை வந்து வண்டியில் ஏற்றி இன்னொரு ஊரில் கொண்டுபோய் அடைத்தால் அந்தச் சத்தியம் என்ன ஆகிறது? நான் புரிந்துகொண்டது இதுதான்: அவர்கள் சத்தியம் செய்தது சுவருக்கில்லை, கூட இருக்கும் ஆட்களுக்கும் அந்த நாளொழுங்குக்கும். ஆட்கள் சேர்ந்திருந்து, நேரம் தவறாமல் இருந்தால், சத்தியம் உடையவில்லை. கொம்பியேன் சிறையில் அந்த ஆங்கிலேயக் கன்னியரில் நான்கு பேர் நோயிலும் பட்டினியிலும் செத்துப்போனார்கள். மீதிப் பேர் பிரிந்து ஆளுக்கொரு திசையில் குடும்பங்களைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை.

பெரியம்மாவின் மடத்தில் ஒரு வருஷம் ஐப்பசி மழையில் பழைய கட்டடத்தின் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பாதுகாப்பில்லை என்று சிஸ்டர்கள் எல்லோரையும் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் கொண்டுபோய் வைத்தார்கள், அது சில மாதம் இழுத்தது. வயதானவர்களுக்கு நடக்க முடியாது, பாத்திரம் பண்டம் எல்லாம் மழையில், அப்பம் சுடும் இயந்திரம் தண்ணீரில் கெட்டுப்போயிற்று (அவர்கள் சுடும் நற்கருணை அப்பம்தான் சுற்று வட்டாரக் கோவில்களுக்கெல்லாம் போகும், அதுதான் வருமானமே). அந்த அமளியில் மதர் முதலில் கேட்டது ஒரு மணி. மடத்து மணியைக் கழற்றி எடுக்க வழியில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பழைய தண்டவாளத் துண்டு ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், பீரியட் மணி அடிக்க. இப்போது மின்சார மணி வந்துவிட்டதால் சும்மா கிடந்தது. அதை ஹாஸ்டல் வாசலில் மாட்டச் சொல்லி, அன்றைக்குச் சாயங்காலமே மாலைப் புகழ் என்ற செபத்துக்கு அடித்துவிட்டார்கள். இரவுச் சோறு அதற்குப் பிறகுதான் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

நான் பெரியம்மாவைக் கேட்டேன், அந்த நேரத்தில் மணியா முக்கியம் என்று. "கூரை ஒழுகறதெல்லாம் பெருசில்ல கண்ணு" என்றார். "ரெண்டு நாள் மணி கேக்காம இருந்தா அவங்கவங்க பசிச்சப்ப சாப்புடுவோம், தூக்கம் வந்தப்ப தூங்குவோம், அழுகை வந்தா தனியா ஒரு மூலையில உக்காந்து அழுவோம். அதுக்கப்புறம் மறுபடி எங்களச் சேக்கறது கஷ்டம்."

தருமபுரி பக்கம் நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு, தும்பலஹள்ளி அணைகளை ஒட்டியெல்லாம் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 2021இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் பங்குப் பெண்கள் போவதுண்டு. மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990இல் வந்த ஒரு அம்மா, பெரிய மடங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், பெரியம்மா சொன்னதையே வேறு மாதிரி சொன்னார். "நாங்கள் வந்திறங்கின அண்டைக்கே செபமாலை சொல்லத் தொடங்கிட்டம் பிள்ளை. அடுப்பு மூட்டினது அடுத்த நாள்." தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மாதா படம், அதற்கு முன்னால் சாயங்காலம் ஏழு மணி. அந்த ஏழு மணி இன்னும் அங்கே மாறவில்லை. அந்த மக்களுக்கு இது பழக்கமானதும்கூட. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை விரட்டிய 17ஆம் நூற்றாண்டில் மாந்தையிலிருந்து மாதா சுருபத்தை (சிலையை) தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப்போய் வைத்த இடம்தான், இன்று மாதா கோவில் இருக்கும் மடு. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடுவிலிருந்தும் அதே சுருபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள், ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாதாவுக்கே இரண்டு இடப்பெயர்வு.

எனக்குச் சிறைக் கதையைவிட அதற்குப் பிந்திய கதைதான் முக்கியமாகப் படுகிறது. டோவரில் இறங்கிய கம்ப்ரே கன்னியர் லண்டனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, லிவர்பூல் பக்கத்தில் வூல்டன் என்ற ஊரில் ஒரு பெண்கள் பள்ளியை எடுத்து நடத்தினார்கள். கிராதிக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் செபத்தையும் தியானத்தையும் மையமாக வைத்து வாழ்ந்த ஒரு சபை, இப்போது வயிற்றுப்பாட்டுக்குப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் தையலும் மாதிரி ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வகுப்புக்கும் செபத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. 1807இல் அங்கிருந்து ஆபட்ஸ் சால்ஃபர்டு என்ற இடத்துக்கு ஒரு இரவல் வீட்டுக்கு மாறினார்கள். 1838இல்தான் ஸ்டான்புரூக்கில் சொந்த இடம். டோவரிலிருந்து கணக்குப் போட்டால் 43 வருஷம். ஒரு தலைமுறையே அதில் போய்விடும். மோசே மக்களை நடத்திப் போன நாற்பது வருஷத்தைப் பற்றிப் பூசையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம், இந்த 43 வருஷத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. அதில் கில்லட்டின் இல்லை, பாட்டு இல்லை. வாடகை, பள்ளிக் கட்டணம், குளிர், வயதான கன்னியரின் இருமல், அடுத்து எங்கே போவது என்ற பேச்சு. தினமும் அதே சங்கீதம். வேதசாட்சியம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. இது முடிவதில்லை. என்னைக் கேட்டால் இதற்கும் அதே அளவு தைரியம் வேண்டும், ஒருவேளை கூடவும் வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் போய்ச் சேரும் வீடு பெரும்பாலும் காலியாக இருக்காது, யாரோ இருந்து போன வீடாக இருக்கும். போருக்கு முன் போலந்தில் இருந்த லிவிவ் நகரத்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இருந்த பெனடிக்டைன் கன்னியர் மடம் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. 1946இல் அவர்கள் போலந்தின் மேற்குக் கோடியில் க்ஷெஷூவ் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய, அழகான பழைய மடம். அங்கே அதுவரை இருந்தவர்கள் ஜெர்மன் பெனடிக்டைன் துறவிகள். எல்லை மாறி, ஜெர்மனியில் இருந்த அந்த ஊர் போலந்துக்குள் வந்ததால், ஜெர்மானியர் என்று அதே 1946இல் அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். அந்தத் துறவிகளும் அந்த இடத்துக்கு முதலில் வந்தது முதல் உலகப்போருக்குப் பிறகு, 1919இல், பிராகாவில் இருந்த தங்கள் மடத்தைவிட்டு வர வேண்டியிருந்ததால்தான். ஒரே சபை, ஒரே ஒழுங்குநூல். ஒரு கூட்டத்தின் அழுகை காய்வதற்குள் இன்னொரு கூட்டம் அதே பாடகர் இருக்கைகளில் உட்கார்ந்து அதே சங்கீதத்தைப் பாடுகிறது. இதில் யாரைக் குறை சொல்வது? அந்தக் கன்னியர் யாரையும் துரத்தவில்லை. ஆனால் முதல் நாள் இரவு அந்த அறைகளில் படுக்கும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் காலத்திலேயே நடந்தது ஈராக்கில். 2014 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ஐஎஸ் படை வருகிறது என்று தெரிந்து கரகோஷ் நகரம் முழுவதும் காலியானது. ஏறக்குறைய 50,000 பேர் இருந்த கிறிஸ்தவ ஊர். சியன்னா கத்தரீன் அம்மாள் பெயரில் இயங்கும் தோமினிக்கன் கன்னியரும் மக்களோடு மக்களாக இரவோடு இரவாக எர்பில் பக்கத்தில் உள்ள அங்காவாவுக்குப் போனார்கள். அவர்கள் அடைபட்ட மடத்தார் இல்லை, பள்ளி நடத்துபவர்கள், நம்ம ஊர் சிஸ்டர்கள் மாதிரி. வயதான கன்னியர் பலர் அந்த அகதி வாழ்க்கையிலேயே இறந்தார்கள், சொந்த மடத்துக் கல்லறையில் வைக்கக்கூட வழியில்லாமல். அங்கேயும் மழலையர் பள்ளி ஆரம்பித்தார்கள், பிள்ளைகளுக்கு ஒரு நாளொழுங்கு வேண்டும் என்று. 2016 அக்டோபரில் ஊர் மீட்கப்பட்டு, அடுத்த வருஷம் திரும்பிப் போகத் தொடங்கியபோது எரிந்த கோவில்தான் இருந்தது. 2021 மார்ச் 7ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அதே கோவிலுக்கு, புதுப்பித்த பிறகு, வந்தார். ஊரில் நிறையக் குடும்பங்கள் திரும்பவே இல்லை. ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டார்கள். யாரை நம்பிப் பள்ளியைத் திறப்பது என்ற கேள்வி இருந்தும் திறந்தார்கள்.

அடைபட்ட மடத்தால் ஊருக்கு என்ன பயன் என்று நம்மவர்களே கேட்கிறார்கள். மறைக்கல்வி ஆசிரியர் கூட்டத்திலேயே கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் கட்டினால் பிள்ளை படிக்கும், மருந்தகம் கட்டினால் நோய் தீரும், உள்ளே உட்கார்ந்து சங்கீதம் பாடினால்? நான் அதற்குச் சண்டை போட மாட்டேன், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்வேன். 1901இல் பிரான்சில் மறுபடி சபைகளுக்கு எதிராகச் சட்டம் வந்தபோது சொலேம் என்ற ஊரின் பெனடிக்டைன் கன்னியர் நாட்டைவிட்டு இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போனார்கள், சில ஆண்டுகளில் ரைடு என்ற இடத்தில் ஒரு மடமும் கோவிலும் அமைத்தார்கள். 1920களின் தொடக்கத்தில் பிரான்சுக்குத் திரும்பிப் போகும்போது அந்த வீடு இன்னொரு பெனடிக்டைன் குழுமத்தின் கைக்கு வந்தது. அந்த ரைடு மடத்தில்தான் 1960களில் இந்தியப் பெண்கள் போய்ப் பயிற்சி எடுத்து, திரும்பிவந்து பெங்களூரில் சாந்தி நிலையம் மடத்தைத் தொடங்கினார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். பாரிசில் யாரோ போட்ட சட்டத்தால் துரத்தப்பட்ட பெண்கள் தற்காலிகமாகத் தங்கக் கட்டிய இடத்திலிருந்து கிளம்பிய ஒரு ஒழுங்கு, நம்ம ஊர் நெடுஞ்சாலையின் அடுத்த முனையில் இன்று நடந்துகொண்டிருக்கிறது. இதற்குப் பயன் என்று எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியாது, வீணாய்ப் போயிற்று என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

ஸ்டான்புரூக் கன்னியர் 2009இல் மறுபடி இடம் மாறினார்கள், இந்தத் தடவை யாரும் துரத்தவில்லை. 170 வருஷம் இருந்த அந்தப் பெரிய மடமும் 19ஆம் நூற்றாண்டுக் கோபுரக் கோவிலும் எண்ணிக்கை குறைந்துபோன அவர்களுக்குச் சுமையாகிவிட்டது. விற்றுவிட்டு வடக்கே யார்க்ஷயரில் வாஸ் என்ற சிற்றூரில் சிறிதாக ஒரு மடம் கட்டிக்கொண்டார்கள். கோவில் கட்டி முடிய இன்னும் ஆறு வருஷம் ஆனது. அதுவரை வேறு அறையில் வைத்துப் பாடினார்கள், பழக்கம்தானே.

இப்போது உலகம் முழுக்க அடைபட்ட மடங்களுக்கு வந்திருக்கும் இடப்பெயர்வு இந்த வகைதான். படையும் இல்லை, சட்டமும் இல்லை, ஆள் இல்லை. 2018இல் வந்த ரோமை விதிப்படி நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஐந்து பேராகக் குறைந்துவிட்டால் அந்த மடம் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை இழக்கிறது. அப்புறம் இன்னொரு மடத்தோடு இணைவதா, மூடுவதா என்ற பேச்சு வரும். நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளும் முன்போல மடத்துக்குப் போவதில்லை. ஓசூரில் வேலை கிடைக்கிறது, நர்சிங் படித்தால் வெளிநாடு போகலாம். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை, என் மகளும் அப்படித்தான் போனாள்.

பெரியம்மாவின் மடத்திலும் இந்தப் பேச்சு தொடங்கியிருக்கிறது. கேரளத்தில் உள்ள ஒரு கார்மேல் மடத்தோடு சேரலாமா என்று ஆலோசிக்கிறார்களாம். போன முறை பார்க்கப் போனபோது நான்தான் கலங்கிப் போயிருந்தேன், இத்தனை வருஷம் இருந்த இடத்தைவிட்டு இந்த வயதில் எப்படிப் போவீர்கள் என்று. அவர் கவலை வேறாக இருந்தது. அங்கே கட்டளைச் செபம் (நேரத்துக்கு நேரம் எல்லோரும் சேர்ந்து சொல்வது) மலையாளத்தில், முதல் நாளே கூடச் சேர்ந்து சொல்ல முடியாவிட்டால் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதாகிவிடுமே என்றார். அதனால் மடத்தில் இருக்கும் ஒரு மலையாளி சிஸ்டரிடம் எழுத்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். எழுபதைத் தாண்டிய கண்ணுக்கு அந்த வளைவெல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறதாம். அடுத்த தடவை வரும்போது முறுக்கு வேண்டாம், பெரிய எழுத்தில் அச்சடித்த மலையாளத் திருப்பாடல் புத்தகம் பெங்களூரில் கிடைத்தால் வாங்கிவா என்று சொன்னார்.